நாவின் முடிச்சு அவிழட்டும்

ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் சகோதரிகளுக்கு



கணவர் லண்டனிலோ மெல்பேர்னிலோ தொழில் பார்க்கிறார். அவரோடு சேர்ந்து வாழப் போக வேண்டும். அல்லது நீங்கள் ஒரு தாதி. பிரித்தானியாவில் பதிவு பெற்றுத் தொழில் செய்ய விரும்புகிறீர்கள். அல்லது உயர்தரம் சித்தியடைந்த உங்கள் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கவிருக்கிறது. இந்த மூன்று வீடுகளிலும் இன்று பேசப்படுவது ஒரே பெயர்தான்: ஐ.ஈ.எல்.டீ.எஸ். கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என நான்கு பிரிவுகள் கொண்ட இந்த ஆங்கிலப் பரீட்சை 1989 ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அதன் கட்டணம் பல பத்தாயிரம் ரூபாய். வாப்பா கடன்பட்டுக் கட்டிய பணமாக இருக்கலாம். கழற்றி அடகு வைத்த காப்பாகவும் இருக்கலாம்.

மற்ற மூன்று பிரிவுகளுக்கும் நமது பெண்கள் நன்றாகவே ஆயத்தமாகிறார்கள். புத்தகம் வாங்குகிறார்கள், கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்க்கிறார்கள். பேச்சுப் பரீட்சை என்று வந்ததும் கை நடுங்குகிறது. பத்து வருடம் பாடசாலையில் ஆங்கிலம் படித்தவள், இலக்கணத்தில் பிழை பிடிக்கக்கூடியவள், ஒரு வெள்ளைக்காரர் முன்னால் அமர்ந்ததும் “யெஸ்”, “நோ”, “வெரி நைஸ்” என்பதற்கு மேல் பேச மாட்டாள். ஆங்கிலம் தெரியாததால் வரும் கோளாறு இதுவல்ல. ஆங்கிலத்தை வாயால் உச்சரித்துப் பழகாததால் வருவது. அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே, செலவில்லாமல், குசினியில் நின்றபடியே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த அறைக்குள் நடப்பது என்ன?

பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருகிறது. ஆகவே முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடங்கள் மட்டுமே. ஒரு பரீட்சகர், நீங்கள், நடுவில் ஒரு மேசை, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. சில நிலையங்களில் பரீட்சகர் திரையில் தோன்றி வீடியோ வழியாகப் பேசுவார். அவர் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துப் பெயரைக் கேட்பார். பிறகு முதற்பகுதி தொடங்கும். 4 முதல் 5 நிமிடங்கள் வரை உங்கள் வீடு, ஊர், படிப்பு, தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றைப் பற்றிய எளிய கேள்விகள் வரும்.

இரண்டாம் பகுதியில் உங்கள் கையில் ஓர் அட்டையைத் தருவார். அதில் ஒரு தலைப்பும் அதை ஒட்டிய சில குறிப்புகளும் இருக்கும். தாளும் பென்சிலும் கிடைக்கும். சிந்திக்க 1 நிமிடம். அதன்பின் 1 முதல் 2 நிமிடங்கள் நீங்கள் மட்டும் பேச வேண்டும். அவர் குறுக்கிட மாட்டார். முடிவில் ஓரிரு சிறு கேள்விகள் கேட்பார். மூன்றாம் பகுதியும் 4 முதல் 5 நிமிடங்கள். அட்டையில் வந்த விடயத்தையே விரித்து, சமூகத்தைப் பற்றியதாக மாற்றிக் கலந்துரையாடுவார். ஆசிரியரைப் பற்றி இரண்டாம் பகுதியில் பேசியிருந்தால், ‘ஆசிரியத் தொழிலுக்கு முன்பிருந்த மரியாதை இன்றும் இருக்கிறதா?’ என்பது போன்ற கேள்வி மூன்றாம் பகுதியில் வரலாம்.

2001 முதல் இந்த அமைப்பு மாறவில்லை. இன்று காத்தான்குடியில் பழகும் பெண்ணுக்கும் நாளை கெய்ரோவில் பரீட்சைக்கு அமரும் பெண்ணுக்கும் இதே மூன்று பகுதிகள்தான்.

கணவருடன் சேர்வதற்காகப் பிரித்தானியா செல்லும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டுக்கு வரும் மனைவிமார் அடிப்படை ஆங்கிலம் பேசவும் விளங்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 2010 நவம்பரில் வந்தது. அதற்கென 2015 இல் ‘லைஃப் ஸ்கில்ஸ்’ என்ற தனிப் பரீட்சை தொடங்கப்பட்டது. அதில் எழுத்தும் வாசிப்பும் இல்லை. இரண்டு பரீட்சார்த்திகள் சேர்ந்து அமர்ந்து, பரீட்சகருடனும் தமக்குள்ளும் பேச வேண்டும். புள்ளி கிடையாது, சித்தி அல்லது சித்தியின்மை மட்டுமே. உங்களுக்கு எது தேவை என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே விசாவுக்குரிய அரச இணையப் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விதிகள் மாறுகின்றன, தரகர்கள் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மனனம் ஏன் கைகொடுக்காது?

மனனம் செய்வதில் நமது பிள்ளைகளுக்கு நிகரில்லை. அல்குர்ஆனை முழுமையாக நெஞ்சில் சுமக்கும் சமுதாயம் இது. அந்தப் பழக்கத்தில்தான் டியூஷன் வகுப்புகள் சில, நாற்பது ஐம்பது ‘மாதிரி விடை’களை அச்சடித்துக் கொடுத்து மனனமிடச் சொல்கின்றன. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மனனமிட்ட பேச்சை அடையாளம் காணப் பரீட்சகர்களுக்குப் பயிற்சி உண்டு. அது வெளியே தெரிவதும் இலகு. அதுவரை தயங்கித் தயங்கிப் பேசியவள் திடீரென்று பெரிய பெரிய சொற்களை ஒரே ஓட்டத்தில் ஒப்புவிப்பாள். பிறகு மீண்டும் தயங்குவாள். ஒப்புவித்தது அவளது ஆங்கிலமாகக் கணக்கில் வராது. அதோடு, மனனமிட்டதில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் மறந்துபோகும்.

புள்ளி கொடுக்கும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். பரீட்சகர் நான்கு விடயங்களைக் கவனிக்கிறார்: தடையின்றி, தொடர்பாகப் பேசுகிறீர்களா, சொற்களைப் பொருத்தமாகப் பயன்படுத்துகிறீர்களா, இலக்கணம் பலவகையாகவும் சரியாகவும் வருகிறதா, உச்சரிப்பு விளங்குகிறதா. நான்குக்கும் சமமான பங்கு. இதில் ‘உங்கள் கருத்து சரியா, பிழையா’ என்பதற்கு ஒரு புள்ளியும் இல்லை. ‘வெள்ளைக்காரரைப் போல் பேசுகிறீர்களா’ என்பதற்கும் இல்லை. இலங்கைத் தொனியில் பேசலாம். கேட்பவருக்கு விளங்கினால் போதும். மூக்கால் பேசிப் பழகச் சொல்லும் வகுப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடக்கமும் அரை வார்த்தையும்

நமது வீடுகளில் பெண் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் அளவாகப் பேச வேண்டும் என்றே வளர்க்கப்படுகிறார்கள். அந்நியர் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்குவது நல்ல பழக்கம் என்று கற்றிருக்கிறோம். பரீட்சை அறையில் அதே பழக்கம் புள்ளியைக் குறைக்கிறது. பரீட்சகர் பேச்சை அளக்க வந்தவர். அளக்கப் பேச்சே இல்லையென்றால் அவர் எதைக் கொண்டு புள்ளி போடுவார்?

இதில் மார்க்கத் தயக்கமும் சில சகோதரிகளுக்கு உண்டு. பெண்ணின் குரல் அவ்ரத் அல்ல என்பதே பெரும்பான்மையான அறிஞர்களின் கருத்து. குழைவில்லாத, கண்ணியமான பேச்சையே அல்குர்ஆன் (33:32) நம்மிடம் கேட்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் திரைக்குப் பின்னாலிருந்து நபித்தோழர்களுக்கும் அடுத்த தலைமுறைக்கும் கற்பித்தார்கள். அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த ஹதீஸ்கள் 2210. தெளிவான, உறுதியான, குழையாத குரல். பரீட்சகர் எதிர்பார்ப்பதும் இதையேதான்.

ஆகவே முதற்பகுதியில் எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசுங்கள். ‘உங்கள் வீட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?’ என்று கேட்டால் “கிச்சன்” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ‘குசினிதான். ஸுபஹுக்குப் பின் எல்லோரும் எழும்புவதற்கு முன்னால் அங்கே அமைதியாக இருக்கும், தனியாக ஒரு தேத்தண்ணீர் குடிப்பேன். ஆனால் இடம் சிறியது, பெருநாளைக்குத் தாத்தாமார் வந்தால் விறாந்தைக்குத்தான் போவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். பதில், காரணம், கொஞ்சம் கூடுதல் செய்தி. இந்த மூன்று வாக்கியங்களில் வழக்கமாக நடப்பது, ‘ஆனால்’, ‘வந்தால்’ என்று இலக்கணமும் பலவகையாக வந்துவிட்டது. பாடுபட்டுத் தேட வேண்டியதில்லை. உங்கள் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

இசையைப் பற்றிக் கேட்டால்?

‘நீங்கள் எந்த வகை இசையை விரும்புகிறீர்கள்?’, ‘அண்மையில் பார்த்த சினிமா?’, ‘பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவீர்கள்?’, ‘நாய் வளர்க்க விருப்பமா?’ இப்படியான கேள்விகள் வரக்கூடும். நம்மில் பலர் இங்கே திணறுகிறார்கள். ஒன்று, ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லி வாயை மூடுகிறார்கள். அல்லது பார்க்காத சினிமாவைப் பார்த்ததாகப் பொய் சொல்லி, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். உண்மையைச் சொல்லி, அதை விளக்குங்கள். ‘நான் அதிகம் இசை கேட்பதில்லை. எங்கள் வீட்டில் கிராஅத் கேட்கும் வழக்கம்தான் உண்டு, காலையில் வாப்பா அதைப் போட்டுவிடுவார். அந்த ஓசையில் எனக்கு மனம் அமைதியாகும். என் கூட்டாளிகள் சிலர் பாட்டுக் கேட்பார்கள். பயணத்தில் நேரம் போவதற்கு அது உதவுவதாகச் சொல்வார்கள்.’ பரீட்சகர் கேட்ட விடயத்தை விட்டு நீங்கள் விலகவில்லை. உங்கள் கொள்கையையும் விடவில்லை. பேசவும் நிறையக் கிடைத்தது. அவர் உங்கள் மார்க்கத்துக்குப் புள்ளி போடவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நமது வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நமது சொற்கள் அவருக்கு விளங்காமல் போகலாம். நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம், சஹன், ஸகாத், நிகாஹ் போன்ற சொற்களை அப்படியே விட்டுவிடாமல், ‘நோன்பு திறக்கும்போது நாங்கள் குடிக்கும், அரிசியும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்த ஓர் உணவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியில் விளக்கப் பழகுங்கள். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்து விளக்கும் திறமைக்கே சொல்வளத்தில் மதிப்பு உண்டு. பரீட்சை நாளில் ஓர் ஆங்கிலச் சொல் மறந்துபோனாலும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

ஒரு நிமிடத்தில் ஐந்து சொற்கள்

இரண்டாம் பகுதிதான் பலருக்கும் பூதம். அட்டையில், ‘உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றிக் கூறுங்கள். அவர் யார், அவரை எப்படித் தெரியும், என்ன உதவி செய்தார், அந்த உதவி ஏன் முக்கியமாக இருந்தது?’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 1 நிமிடத்தில் வாக்கியம் எழுதத் தொடங்கினால் ஒன்றரை வாக்கியத்தோடு நேரம் முடிந்துவிடும். சொற்களை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: மூத்தம்மா, தையல் மெஷின், வாப்பாவின் மௌத், பெருநாள் சட்டை, இன்று.

இந்த ஐந்து சொற்களில் ஒரு கதை முழுவதும் இருக்கிறது. மூத்தம்மா எப்படிப்பட்டவர் என்று தொடங்கலாம். அவரிடமிருந்த பழைய மெஷினைப் பற்றிச் சொல்லலாம். வாப்பா மௌத்தான வருடம் வீட்டில் பணமில்லை. மூத்தம்மா ஊராருக்குத் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பெருநாளுக்கு மிச்சத் துணியில் உங்களுக்கு ஒரு சட்டை தைத்தார். அதன் நிறம் என்ன, அதை அணிந்தபோது எப்படி இருந்தது? இன்று அந்த மெஷின் எங்கே இருக்கிறது, நீங்கள் அதில் தைக்கிறீர்களா? இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதாது. பரீட்சகர் இடையில் நிறுத்துவார். அவர் நிறுத்தினால் பயப்படாதீர்கள். நேரம் முடிந்தது என்பதே பொருள், நீங்கள் பிழையாகப் பேசினீர்கள் என்பதல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘அன்று’ என்பதற்கு இறந்தகாலம், ‘இன்று’ என்பதற்கு நிகழ்காலம், ‘இனி’ என்பதற்கு எதிர்காலம் என, கதையே காலத்தை மாற்றித் தருகிறது. பேச்சு நின்றுவிட்டால் அடுத்த காலத்துக்குத் தாவுங்கள்.

அட்டைத் தலைப்புகள் ஆயிரம் இருந்தாலும் அவற்றின் வேர் சிலவே: ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு பொருள், ஒரு சம்பவம், ஒரு பழக்கம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு மூன்று உண்மைகளை நினைவில் வையுங்கள். மூத்தம்மாவின் மெஷின் ‘ஒரு பழைய பொருள்’ என்ற தலைப்புக்கும் பொருந்தும், ‘கற்றுக்கொண்ட ஒரு திறமை’ என்பதற்கும் பொருந்தும்.

மூன்றாம் பகுதியில் ‘நான், என் வீடு’ என்பதிலிருந்து சற்று வெளியே வர வேண்டும். ‘நமது நாட்டில் முன்பெல்லாம்…’, ‘நகரத்தில் இருப்பவர்கள்… கிராமத்தில் இருப்பவர்களோ…’, ‘இதற்கு ஒரு காரணம்…’ என்று பேசிப் பழகுங்கள். கேள்வி விளங்காவிட்டால் “குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் தட், ப்ளீஸ்?” என்று கேட்கலாம், வெட்கமில்லை. விளங்காமல் தலையாட்டிவிட்டு வேறொன்றைப் பேசுவதுதான் கெடுதல்.

மத்ரஸாவில் கற்ற மக்ரஜ்

உச்சரிப்பு விடயத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவரை விட உங்களிடம் ஒரு சொத்து அதிகமாக இருக்கிறது. சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் உங்கள் லெப்பையோ உஸ்தாதோ எழுத்து எழுத்தாகத் திருத்தித் தந்த தஜ்வீத்தான் அது.

தமிழில் இல்லாத பல ஆங்கில ஓசைகள் அரபியில் இருக்கின்றன. ‘அலிஃப், பா, தா’ என்ற வரிசையில் நான்காவதாக வரும் எழுத்தை நாக்கு நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்து ஓதக் கற்றீர்கள் அல்லவா? ஆங்கிலத்தில் ‘நன்றி’ என்பதற்கும் ‘சிந்தி’ என்பதற்கும் உரிய சொற்கள் அந்த ஓசையில்தான் தொடங்குகின்றன. புள்ளி வைத்த தாலின் ஓசையே ‘இது’, ‘அது’ என்பவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதல் ஓசை. புள்ளி வைத்த ஸாயின் ஓசை வராததால்தான் ‘மிருகக்காட்சிசாலை’ நம்மவர் வாயில் ‘சூ’ ஆகிறது. ஃபாவைச் சரியாக ஓதுபவர் ‘காப்பி’க்கும் ‘கொஃபி’க்கும் உள்ள வேறுபாட்டை உடனே பிடித்துக்கொள்வார்.

வகரத்தில் மட்டும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் இரண்டு வகரங்கள் உண்டு. ஒன்று அரபி வாவைப் போல இதழ்களைக் குவித்துச் சொல்வது. மற்றது, ஃபாவின் மக்ரஜிலேயே, கீழ் உதட்டை மேற்பல்லில் தொட்டு, குரல் கொடுத்துச் சொல்வது. மேற்குத் திசைக்கான சொல் முதல் வகை. உள்சட்டைக்கான சொல் இரண்டாம் வகை. இரண்டையும் ஒன்றுபோல் சொன்னால் கேட்பவர் குழம்புவார்.

அடுத்து, ‘இஸ்கூல்’, ‘இஸ்டேசன்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். சொல்லின் கடைசி ஓசையை விழுங்காதீர்கள். பன்மையும் இறந்தகாலமும் அந்தக் கடைசி ஓசையில்தான் இருக்கின்றன. சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதையும் அகராதியில் பாருங்கள். ‘ஹோட்டல்’ என்பதில் நாம் முதலசையை அழுத்துகிறோம், ஆங்கிலத்தில் இரண்டாவது அசைதான் அழுத்தம் பெறும்.

இலக்கணத்தில் தமிழ் பேசுபவர்களுக்கென்றே சில வழுக்கல்கள் உண்டு. ‘அவர்’ என்ற சொல் தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதனால் உம்மாவைப் பற்றிப் பேசும்போது “ஹீ” என்று வாய்தவறி வந்துவிடும். “ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்” என்பதை “ஐ ஹேவ்” என்று திருத்துங்கள். பேச்சின் நடுவே பிழையை உணர்ந்தால் ஒருமுறை திருத்திவிட்டுத் தொடருங்கள். மூன்று முறை பின்னோக்கிப் போய்த் திருத்துவது பிழையை விட அதிகம் கெடுக்கும்.

வீடு செய்ய வேண்டியது

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு பெண் வீட்டில் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசினால் நமது வீடுகளில் நடப்பது என்ன? தம்பி சிரிப்பான். நானா அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்வார். ‘பெரிய துரைசானி’ என்று மாமி சொல்வார். சொல்பவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். அவள் அன்றோடு வாயை மூடிக்கொள்வாள். அடுத்த தடவை வாய் திறப்பது பரீட்சகர் முன்னால்தான். பல பத்தாயிரம் ரூபாய் கட்டணத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பழகுவதற்குரிய ஒரே இடத்தையும் சிரிப்பால் அடைத்துவிடுகிறோம்.

மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் பேசப் புறப்படுமுன் தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு அல்லாஹ்விடம் கேட்ட துஆவை நாம் எல்லோரும் பரீட்சைக்கு முன் ஓதுகிறோம். அதே இடத்தில் அவர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள்: தமது சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படி. ஒரு நபியே பேசுவதற்குத் துணை கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் உங்களுக்குத் துணை நிற்கப் போவது யார்?

வெளிநாட்டில் இருக்கும் கணவர் அந்தத் துணையாக இருக்கலாம். இரவில் பேசும் நேரத்தில் முதல் பத்து நிமிடத்தை ஆங்கிலத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கே அவர் அன்று வாங்கிய சாமானிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளை இருந்தால், அவரைப் பரீட்சகராக்கி, கையில் கேள்வித் தாளைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு உம்மாவிடம் கேள்வி கேட்பதில் தனி மகிழ்ச்சி. நேரத்தையும் கறாராகப் பார்ப்பார்கள். ஒருவரும் இல்லாவிட்டால் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. ஓர் அட்டைத் தலைப்பை எடுத்து, 1 நிமிடம் யோசித்து, 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு கேளுங்கள். சொந்தக் குரலை முதலில் கேட்கும்போது எல்லோருக்கும் கூச்சம் வரும். நாலாம் நாள் அது போய்விடும். கேட்கும்போது ஒரு நாளைக்கு ஒரு குறையை மட்டும் பிடியுங்கள். இன்று “ஹீ”, “ஷீ”. நாளை கடைசி ஓசை. நாளை மறுநாள், ‘அது வந்து’, ‘மற்றது’ என்று நடுவில் நுழையும் தமிழ்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இருபது நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும். வெங்காயம் வெட்டும்போது செய்வதையெல்லாம் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் பேசுவது பழக்கமாகாது. நாவும் உதடும் அசைய வேண்டும். வானொலியில் பிபிசி செய்தியைக் கேட்டு, ஒரு வாக்கியத்தை நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வதும் நல்லது. இரண்டு மாதம் இப்படிச் செய்தால் உங்கள் முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

‘இந்த வயதில் இவளுக்கு இங்கிலீஷ் எதற்கு?’ என்று கேட்கும் பெரியவர்கள் இருந்தால், நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் யூதர்களின் மொழியைக் கற்றதைப் பணிவாக நினைவூட்டுங்கள். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை அவர்களும் நமது சமுதாயத்திடம் ஆங்கிலத்தையும் பெண் கல்வியையும் வற்புறுத்தியவர்தான்.

பரீட்சை நாள்

பேச்சுப் பரீட்சை மற்றப் பிரிவுகள் நடக்கும் அதே நாளில் வரலாம். சில நாள் முன்போ பின்போ வேறு நாளிலும் வரலாம். அக்கரைப்பற்றிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, தூக்கமில்லாத கண்ணோடு நேரே பரீட்சைக்குப் போகாதீர்கள். முடிந்தால் முதல் நாளே உறவினர் வீட்டில் தங்குங்கள். பதிவு செய்தபோது கொடுத்த அதே கடவுச்சீட்டின் மூலப் பிரதி கையில் இருக்க வேண்டும். தொலைபேசி, கைக்கடிகாரம் உள்ளே போகாது.

ஹிஜாப் அணிவதில் எந்தத் தடையும் இல்லை. நிகாப் அணியும் சகோதரிகள், அடையாளம் பார்ப்பதைத் தனியிடத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் செய்ய வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். நிழற்படம் பற்றியும் அப்போதே கேளுங்கள். வாசலில் நின்று வாதாடினால் உங்கள் மனம்தான் கலங்கும். பரீட்சகர் ஆணாகவும் இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துப் பழகுங்கள். முகத்திரை குரலை அமுக்கும். ஆகவே அதை அணிந்தபடியே வீட்டில் பதிவு செய்து, விளங்குகிறதா என்று பாருங்கள்.

உள்ளே பரீட்சகர் சிரிக்காவிட்டாலும், ‘நன்று’ என்று சொல்லாவிட்டாலும் மனம் தளராதீர்கள். எல்லோரிடமும் ஒரேமாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குள்ள விதி.

முடிவு வந்தபின்

ஒவ்வொரு பிரிவுக்கும் 0 முதல் 9 வரை புள்ளி. நான்கின் சராசரியே மொத்தப் புள்ளி. கால் வந்தால் அரையாகவும், முக்கால் வந்தால் அடுத்த முழுமையாகவும் உயர்த்துவார்கள். கேட்டலில் 7, வாசிப்பில் 6.5, எழுத்தில் 6, பேச்சில் 6.5 எடுத்த பெண்ணுக்கு மொத்தம் 6.5. அதே பெண் பேச்சில் மட்டும் 7.5 எடுத்திருந்தால் சராசரி 6.75 ஆகி, மொத்தம் 7 ஆகிவிடும்.

தாதியருக்கு இது இன்னும் முக்கியம். பிரித்தானியாவின் தாதியர், மருத்துவமாதர் பேரவை 2018 டிசம்பரில் எழுத்துக்குரிய தேவையை 7 இலிருந்து 6.5 ஆகத் தளர்த்தியது. பேச்சுக்குரிய 7 தளரவில்லை. நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் பேச வேண்டும் என்பது அவர்களின் நியாயம். அதில் குறை காண முடியாது.

பெறுபேறு பொதுவாக 2 வருடங்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், மற்ற ஆவணங்கள் ஆயத்தமாகுமுன் அவசரப்பட்டு எழுதாதீர்கள். கணினி வழியாக எழுதியவர்கள் ஒரு பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் வசதி பல நாடுகளில் உண்டு. ஆனால் அதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலும் நல்ல புள்ளி வந்து, பேச்சில் மட்டும் எதிர்பாராத வகையில் குறைந்திருந்தால், பரீட்சை நடந்த 6 வாரங்களுக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் ஒலிப்பதிவை வேறொரு பரீட்சகர் கேட்டுப் புள்ளியிடுவார். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. புள்ளி உயர்ந்தால் அந்தப் பணம் உங்களுக்கே திரும்ப வரும்.